வெப்பமும் வாழிடமும்: மும்பை மாநகரின் உயிரினங்கள்

உயிருள்ள ஒவ்வொன்றும் ஒரு வெப்பநிலைக்குள் அடங்கி வாழ்கிறது. அந்த எல்லைக்கு மேலே சென்றால் உடல் கெடுகிறது. கீழே சென்றால் இயக்கம் நின்றுவிடுகிறது. பனி மூடிய துருவ நாட்டிலும் மணல் கொதிக்கும் பாலையிலும் விலங்குகள் எவ்வாறு பிழைக்கின்றன என்பதை நாம் பள்ளிப் பாடங்களிலே படித்திருக்கிறோம். ஆனால் நம் வீட்டுச் சுவரிலும், தெருமுனையிலும், ஊருக்கருகே உள்ள கழிமுகத்துச் சேற்றிலும் அதே போராட்டம் நாள்தோறும் நடைபெறுவதை நாம் கவனிப்பதில்லை. ஆதலின் இன்று துருவத்துக்கும் பாலைக்கும் செல்லாமல், தமிழ்மக்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் மாதுங்கா, தாராவி, செம்பூர் ஆகிய மூன்று பகுதிகளையே எடுத்துக்கொண்டு, வெப்பமும் வாழிடமும் உயிரினங்களின் வாழ்க்கையை எவ்வாறு உருவாக்குகின்றன என்பதை ஆராய்வோம்.

மும்பையின் தட்பவெப்பம் கடலால் ஆளப்படுவது. நீர் மெல்லச் சூடாகி மெல்லவே குளிரும் இயல்புடையது. ஆகவே கடலை ஒட்டிய ஊரில் கோடையின் கொடுமையும் குளிரின் கடுமையும் மட்டுப்படுகின்றன. சாந்தாகுருஸ் வானிலை நிலையத்தில் பதிவான மிகுந்த வெப்பம் 42.2 டிகிரி; அது 1952 ஏப்ரல் 14 ஆம் நாள் நிகழ்ந்தது. மிகக் குறைந்த வெப்பம் 7.4 டிகிரி, அது 1962 ஜனவரி 22 ஆம் நாள் பதிவாயிற்று. இவை அரிதாக நேர்ந்த உச்சங்கள். ஆண்டின் பெரும்பகுதியில் வெப்பம் பதினாறுக்கும் முப்பத்தைந்துக்கும் இடையிலேயே நிற்கும். பார்க்கப்போனால் இது இதமான ஊர்தான். எனினும் இவ்வூர் விலங்குகளுக்கு வேறொரு தொல்லை உண்டு. அதனை விளங்கிக்கொள்ள, உடலுக்கும் வெப்பத்துக்கும் உள்ள தொடர்பை முதலில் அறிதல் வேண்டும்.

உடல் என்பது ஒரு இரசாயனச் சாலை. உணவு செரிப்பதும், தசை சுருங்குவதும், நரம்பில் செய்தி செல்வதும் இரசாயன மாறுதல்களால் நிகழ்பவையே. வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் இம்மாறுதல்கள் ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் நடைபெறுகின்றன. ஆனால் வெப்பம் அளவுக்கு மிஞ்சினால், கொதிநீரில் முட்டையின் வெண்கரு கெட்டியாவது போல, உடலின் புரதப் பொருள்கள் உருக்குலைகின்றன. இந்த இரு நிலைகளுக்கும் இடையே வாழ்வதற்கு இயற்கை இரண்டு வழிகளை வகுத்திருக்கிறது. பாலூட்டிகளும் பறவைகளும் தம் உடலின் உள்ளேயே வெப்பத்தை உண்டாக்கி, அதனை ஒரே அளவில் வைத்துக்கொள்கின்றன. நம் உடல் 37 டிகிரியிலும், நாயின் உடல் அதைவிடச் சற்று மேலேயும், காக்கையின் உடல் 40 டிகிரிக்கு மேலும் இருக்கும். ஊர்வனவும் தவளைகளும் மீன்களும் பூச்சிகளும் அவ்வாறு செய்வதில்லை. புறத்தேயுள்ள வெப்பத்தையே கடன் வாங்கி வாழ்கின்றன.

முதல்வகைக்குச் செலவு அதிகம். உட்கொள்ளும் உணவிற் பெரும்பகுதி உடலைச் சூடாக வைப்பதற்கே செலவாகிவிடும். இரண்டாம்வகை சிக்கனமானது. ஒத்த எடையுள்ள பாலூட்டி உண்பதில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு உணவு பல்லி, ஓணான் போன்றவற்றிற்குப் போதும். மாதுங்காவின் பழைய அடுக்கு வீடுகளிலே விளக்கடியில் மணிக்கணக்காக அசையாது காத்திருக்கும் பல்லியைப் பாருங்கள். அது சோம்பியிருக்கவில்லை, வீண்செலவு செய்யாமலிருக்கிறது. ஒரு ஈசல் அருகே வந்தால் அக்கணமே பாய்கிறது. ஜனவரி மாதத்துக் குளிர்ந்த இரவுகளில் அதே பல்லி மந்தமாகிச் சுவர் வெடிப்புக்குள் ஒடுங்கிவிடும். அதன் சுறுசுறுப்புக்கு எல்லை வகுப்பது காற்றின் வெப்பமே.

ஓணானின் முறை இன்னும் நுட்பமானது. காலையிலே மதிற்சுவரின் மேலேறி வெயிலுக்குத் தன் விலாப்புறத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். அப்பொழுது அதன் நிறம் கருத்திருக்கும். கருநிறம் வெப்பத்தை நன்கு ஈர்க்கும் அன்றோ? உடல் வேண்டிய அளவு சூடானபின் நிறம் வெளுக்கும். நண்பகலில் மரத்தின் நிழற்புறத்துக்கு நகர்ந்துவிடும். வெயிலும் நிழலும் அடுத்தடுத்து இருக்கும் இடமே ஓணானுக்கு ஏற்ற வீடு. மரத்தை வெட்டித் தரையெல்லாம் சிமெண்டு பூசிவிட்டால், அதற்கு வெயில் மட்டுமே மிஞ்சும். நிழல் இல்லாத ஓணான் கோடையில் பிழைப்பது கடினம்.

இனி, உடலில் வெப்பத்தைத் தானே உண்டாக்கும் உயிர்களைக் காண்போம். இவற்றிற்குக் கோடையில் நேரும் சிக்கல், உள்ளே பிறக்கும் வெப்பத்தை எவ்வாறு வெளியேற்றுவது என்பதே. அதற்கு மிகச் சிறந்த கருவி நீர். ஒரு கிராம் நீர் தோலிலிருந்து ஆவியாகும்போது சுமார் 580 கலோரி வெப்பத்தைத் தன்னோடு கொண்டு செல்கிறது. நாம் வியர்ப்பதும், நாய் நாக்கை நீட்டி இரைப்பதும், காக்கை அலகைத் திறந்து தொண்டையைத் துடிக்கவிடுவதும் இந்த ஒரே விதியின் பலவேறு பயன்பாடுகளே. ஆனால் நீர் ஆவியாக வேண்டுமானால், அதனை ஏற்றுக்கொள்ளும் அளவுக்குக் காற்று உலர்ந்திருத்தல் வேண்டும். மும்பையின் தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. கடற்காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை உலர்வதில்லை, வழிந்து வீணாகிறது. இராஜஸ்தானத்தின் உலர்ந்த 40 டிகிரியைவிட மும்பையின் ஈரமான 35 டிகிரி உடலை அதிகமாக வருத்துவதற்குக் காரணம் இதுவே. மனிதருக்கும் இது பொருந்தும்.

தாராவியின் குறுகிய சந்துகளில் தகரக் கூரைகள் நெருங்கி நிற்கின்றன. பகலெல்லாம் வெயிலை உண்ட தகரம் வெப்பத்தைக் கீழே உமிழ்கிறது; காற்றோட்டமோ மிகக் குறைவு. அங்கு வாழும் நாய்கள் என் செய்கின்றன? நீர்க்குழாயின் அருகே நனைந்திருக்கும் தரையைத் தேடிச் சென்று, பின்னங்கால்களைப் பரப்பி வயிற்றைத் தரையோடு ஒட்டிப் படுக்கின்றன. வயிற்றிலும் தொடையின் உட்புறத்திலும் உரோமம் அடர்த்தியில்லை. ஆகவே உடலின் வெப்பம் அவ்வழியே குளிர்ந்த தரைக்குள் எளிதிற் பாய்கிறது. காற்றிடம் கொடுக்க முடியாத வெப்பத்தை மண்ணிடம் கொடுத்துவிடும் உபாயம் இது. பூனைகள் பகலை நிழலிலே உறங்கிக் கழித்து, இரவிலே உணவு தேடுகின்றன. இடத்தை மாற்றுவது ஒரு வழி. நேரத்தை மாற்றுவது மற்றொரு வழி.

எருமையின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. அதன் தோல் கரியது. பசுவைக் காட்டிலும் வியர்வைச் சுரப்பிகள் குறைவு. ஆகவேதான் அது நீரிலும் சேற்றிலும் அமிழ்ந்து கிடக்கிறது. மேலே அப்பிய சேறு மெல்ல உலரும்பொழுது, வியர்வை செய்யவேண்டிய வேலையை அதுவே செய்துவிடுகிறது, ஈக்கடியையும் தடுக்கிறது. குளமும் குட்டையும் இல்லாத நகரத் தொழுவங்களில் பால்காரர் அடிக்கடி நீரை வாரி இறைப்பது எருமைக்கு ஆடம்பரமன்று. அது இல்லையேல் பாலும் குறையும், உடலும் நலியும்.

வெப்பத்தை எதிர்த்து நிற்பதோடு அமையாது, அதனைப் பயன்படுத்திக்கொள்ளும் உயிர்களும் உண்டு. செம்பூருக்கு அப்பால் தேவநாரில் உள்ள குப்பைமேட்டின் மேலே பருந்துகள் வட்டமிடுவதைப் பலரும் கண்டிருப்பர். சூடான தரையிலிருந்து காற்று தூண்போல் மேலெழுகிறது. பருந்து அந்தக் காற்றுத் தூணுக்குள் புகுந்து, சிறகை அசைக்காமலே சுழன்று சுழன்று உயரே ஏறுகிறது. அவ்வுயரத்தில் காற்றும் குளிர்ந்திருக்கும். உணவு தேடுதல், உழைப்பைக் குறைத்தல், உடலைக் குளிர்வித்தல் ஆகிய மூன்றும் ஒருங்கே நிறைவேறுகின்றன.

பழந்தின்னி வௌவால்களுக்கு அவ்வசதி இல்லை. அவை பகல் முழுவதும் உயர்ந்த மரக்கிளைகளில் தலைகீழாகத் தொங்கவேண்டியவை. வெயில் ஏறும்போது சிறகுகளை விசிறிபோல வீசும். பின்னர் தம் உடலையும் சிறகையும் நக்கி ஈரப்படுத்திக்கொள்ளும். வியர்வைக்குப் பதில் உமிழ்நீர். ஆனால் இந்த உபாயத்துக்கும் எல்லை உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 2002 ஜனவரியில் வெப்பம் 42 டிகிரியைக் கடந்த ஒரே நாளில் 3,500 க்கும் மேற்பட்ட பழந்தின்னி வௌவால்கள் மரத்தடியில் செத்து விழுந்தன. எல்லைக்கோடு எத்துணை கூர்மையானது என்பதற்கு இது சான்று. ஒன்றிரண்டு டிகிரி ஏற்றம் என்று நாம் எளிதாகப் பேசுவது, எல்லையின் விளிம்பில் வாழும் உயிருக்கு வாழ்வா சாவா என்ற கேள்வியாகிவிடுகிறது.

ஜூன் மாதத்தில் பருவமழை தொடங்கியதும் காட்சி மாறுகிறது. மும்பையில் ஓராண்டில் பெய்யும் மழை சராசரியாக 2,000 மில்லிமீட்டருக்கு மேற்பட்டது. அதிற் பெரும்பகுதி நான்கே மாதங்களில் கொட்டித் தீர்க்கிறது. இவ்வளவு நாள் எங்கிருந்தன என்று வியக்கும்படி பெருந்தவளைகள் வெளிப்படுகின்றன. தவளையின் தோல் மெல்லியது, எளிதில் உலர்ந்துவிடும். ஆதலின் கோடையில் அது ஈரமண்ணுக்குள் புதைந்து, மூச்சையும் இதயத் துடிப்பையும் குறைத்து உறங்குகிறது. குளிர்நாட்டுக் கரடி பனிக்காலத்தில் உறங்குவது போல, நம் நாட்டுத் தவளை கோடையில் உறங்குகிறது. முதல் மழையில் எழுந்த ஆண் தவளை மஞ்சள் நிறம் பூண்டு, கழுத்தின் இருபுறமும் நீலப் பைகளை ஊதிக் கத்துகிறது. மழைக்குட்டைகள் நெடுநாள் நிலைக்கமாட்டா. ஆகவே தலைப்பிரட்டைகள் விரைந்து வளரவேண்டும். குட்டை நீரின் வெதுவெதுப்பே அந்த வளர்ச்சியை விரைவுபடுத்துகிறது. பகையாக இருந்த வெப்பம் இங்கே துணையாகிறது.

தாராவியின் வடக்கு எல்லையில் மாஹிம் கழிமுகமும் மீதி ஆறும் இருக்கின்றன. அங்கே கரையோரம் வளர்ந்திருக்கும் அலையாத்தி மரங்கள், சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்தை நமக்கு நினைவூட்டுபவை. இம்மரங்களின் வேர்கள் சேற்றிலிருந்து ஆணிகள்போல் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். சேற்றினுள்ளே காற்று இல்லாமையால், வேர் வெளியே வந்து மூச்சு விடுகிறது. நாளொன்றுக்கு இருமுறை அலையேறி இருமுறை வற்றும் இடம் இது. நீர் ஏறியிருக்கும்போது குளிர். வற்றியதும் வெயிலில் சேறு கொதிக்கும். உப்பும் ஏறும், இறங்கும். இத்தகைய இடத்தில் யார் வாழ முடியும்?

வாழ்கிறது ஒரு மீன். அதுவும் நீரை விட்டு வெளியே வந்து! கோலி மீனவர்கள் அதனை நிவ்டி என்று அழைக்கின்றனர். உளுவை இனத்தைச் சேர்ந்த இந்தச் சிறுமீன், முன்துடுப்புகளைக் கைகள்போல் ஊன்றிச் சேற்றின்மேல் தத்திச் செல்லும். தவளையின் கண்களைப்போல அதன் கண்கள் தலையின் உச்சியில் துருத்தி நிற்கும். செவுள் அறையில் நீரை நிரப்பிக்கொண்டும், ஈரத் தோலின் வழியாகவும் வாயின் உட்புறத்தின் வழியாகவும் மூச்சு விடும். தோல் உலரத் தொடங்கினால் சேற்றுநீரில் புரண்டு நனைத்துக்கொள்ளும். வெயில் மிகுந்தால் தன் வளைக்குள் நுழைந்துவிடும். சேற்றின் மேற்பரப்பு எவ்வளவு சுட்டாலும், சிறிது ஆழத்தில் அது குளிர்ந்தே இருக்கும். அதன் அருகிலேயே ஒற்றைப் பெருங்கொடுக்கைத் தூக்கி அசைக்கும் நண்டுகளும் அதே காரணத்துக்காக வளை தோண்டுகின்றன. இவற்றின் வளைகளே சேற்றினுள் காற்றைச் செலுத்தி மரங்களின் வேருக்கும் உதவுகின்றன. மரம் நண்டுக்கு நிழல் தருகிறது. நண்டு மரத்துக்கு மூச்சு தருகிறது.

தாராவியையொட்டி மீதி ஆற்றங்கரையில் உள்ள மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா இவ்விடத்திற் குறிப்பிடத்தக்கது. சுமார் 37 ஏக்கர் பரப்புள்ள அந்நிலம் முன்னர் நகரத்தின் குப்பை கொட்டுமிடமாக இருந்தது. குப்பையை மண்ணால் மூடி மரங்கள் நட்டனர்; 1994 இல் அது பூங்காவாகத் திறக்கப்பட்டது. விலங்குகளை எவரும் கூண்டில் கொண்டுவந்து விடவில்லை. மரம் வளர்ந்தது, இலைகள் ஆவியாக விடும் நீரால் காற்றுக் குளிர்ந்தது, நிழலும் சருகும் ஈரமும் சேர்ந்தன, பறவைகளும் வண்ணத்துப்பூச்சிகளும் தாமே வந்து குடியேறின. வாழிடத்தை அமைத்தால் உயிர்கள் வந்து சேரும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

செம்பூரின் கிழக்கே மாஹுலுக்கும் டிராம்பேக்கும் அப்பால் தாணே கழிமுகம் பரந்து கிடக்கிறது. 1990 களிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பூநாரைகள் இங்கு வருகின்றன. பனிக்காலத் தொடக்கத்தில் வந்து, மழைக்கு முன் பெரும்பாலானவை திரும்பிவிடுகின்றன. வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, நாக்கை இயந்திரம்போல் இயக்கி, சேற்றுநீரை வடிகட்டி நுண்பாசிகளை உண்கின்றன. அப்பாசியில் உள்ள நிறப்பொருளே அவற்றின் இளஞ்சிவப்புக்குக் காரணம். வெதுவெதுப்பான ஆழமற்ற நீரும், நகரத்துக் கழிவுநீர் கொண்டுவரும் சத்தும் சேர்ந்து பாசியைச் செழிக்கச் செய்கின்றன. நீண்ட கால்கள் நீரில் நிற்பதால் வெப்பம் வீணாகாதோ என்று கேட்கலாம். பூநாரை ஒரு காலை மடித்து இறகுக்குள் வைத்துக்கொள்வதால் அந்த இழப்புக் குறைகிறது என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. அவை முட்டையிடும் பெருந்தலம் கட்ச் பகுதியின் உப்புச் சமவெளி. மழைநீர் அங்கே தேங்கும்போது மண்கூடுகள் கட்டுகின்றன.

பூநாரையோடு உள்ளான் முதலிய சிறு பறவைகளும் சைபீரியா போன்ற தொலைநாடுகளிலிருந்து வருகின்றன. அவை குளிரை மட்டும் அஞ்சி ஓடிவரவில்லை. பனியில் சேறு உறைந்துவிட்டால் அதனுள் இருக்கும் புழுவை எடுக்க அலகு நுழையாது. உறையாத சேறு எங்கே உண்டோ, அதனை நாடி வருகின்றன. தாணே கழிமுகத்தின் ஒரு பகுதி 2015 இல் பூநாரைகளின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022 இல் அனைத்துலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இடத்துக்குத் தக்க உடலமைப்பு என்னும் விதி உலகெங்கும் காணப்படுவது. பாலைவன நரியின் காது பெரிது; துருவ நரியின் காது சிறிது. பரந்த காது வெப்பத்தை வெளியேற்றும். சிறிய காது வெப்பத்தைக் காக்கும். நம் யானையின் காதும் ஒரு விசிறியே. பைகுலாவில் உள்ள விலங்குக்காட்சிச் சாலைக்கு 2016 இல் தென் கொரியாவிலிருந்து ஹம்போல்ட் பெங்குவின்கள் கொண்டுவரப்பட்டன. பெங்குவின் என்றதும் பனிக்கட்டியை எண்ணுகிறோம். இவையோ பெரு, சிலி நாடுகளின் கடற்கரையில், குளிர்ந்த நீரோட்டத்தின் ஓரம் வாழ்பவை. முகத்தில் இறகில்லாத பகுதிகளின் வழியே வெப்பத்தை வெளியேற்றுகின்றன. எனினும் மும்பையின் புழுக்கம் அவற்றிற்கு ஒவ்வாது; ஆகவே இயந்திரங்களால் 16 முதல் 18 டிகிரி வரை குளிரூட்டிய கூடத்தில் வைக்கப்பட்டன. ஒரு விலங்கை அதன் வாழிடத்திலிருந்து பிரித்தால், அவ்வாழிடத்தை நாமே செயற்கையாகச் சுமக்க வேண்டியிருக்கிறது என்பது இதனால் விளங்கும்.

வெப்பம் உயிரைக் காப்பதோ அழிப்பதோ மட்டுமன்றிப் பிறக்கும் குட்டி ஆணா பெண்ணா என்பதையும் சில இனங்களில் முடிவு செய்கிறது. பவாய் ஏரியில் வாழும் சதுப்புநில முதலையின் முட்டைகள் 31 டிகிரிக்குக் கீழ் அடைபட்டால் பெண் குட்டிகளே பிறக்கின்றன; 32.5 டிகிரியை ஒட்டி ஆண் குட்டிகள் பிறக்கின்றன. இது சென்னை முதலைப் பண்ணையில் நடந்த ஆராய்ச்சியால் தெளிவான செய்தி. கடலாமைகளிலோ மணல் சூடேறினால் பெண்கள் மிகுகின்றன. மும்பையின் வெர்சோவாக் கடற்கரையில் 2018 மார்ச் மாதத்தில் பங்குனி ஆமைக் குஞ்சுகள் பொரித்துக் கடலுக்குச் சென்றதைக் கண்டு மக்கள் மகிழ்ந்தனர். மணலின் வெப்பம் தொடர்ந்து ஏறுமானால், வருங்காலத்தில் ஆண் ஆமைகள் போதிய அளவில் இருக்குமா என்பது விஞ்ஞானிகளின் கவலை.

இக்கவலை ஆமையோடு நிற்பதன்று. வெப்பம் மாறும்போது ஒரு விலங்கிற்கு மூன்று வழிகளே உண்டு: வேறிடம் செல்லலாம், நேரத்தையும் பழக்கத்தையும் மாற்றிக்கொள்ளலாம், பல தலைமுறைகளில் உடலையே மாற்றிக்கொள்ளலாம். கடைசி வழிக்கு நீண்ட காலம் வேண்டும். முதல் வழிக்குச் செல்லுதற்கு ஓர் இடம் வேண்டும். நகரத்திலே அந்த இடம் குறைந்துகொண்டே வருகிறது. கழிமுகத்தைத் தூர்த்துக் கட்டடம் எழுப்பினால் நிவ்டிக்கு வளை இல்லை. பூநாரைக்குச் சேறு இல்லை. 2024 மே 20 ஆம் நாள் இரவு, தரையிறங்க வந்த விமானம் ஒன்றில் மோதிக் காட்கோபரில் நாற்பதுக்குச் சற்றுக் குறைந்த பூநாரைகள் இறந்து விழுந்த செய்தி, வானமும் நெருக்கடியாகிவிட்டதை உணர்த்திற்று.

இழப்பு விலங்குகளுக்கு மட்டுமோ? 2005 ஜூலை 26 ஆம் நாள் சாந்தாகுருஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மீதி ஆறு கரைபுரண்டது. தாழ்ந்த பகுதிகளில் வாழ்ந்த ஏழை மக்களே பெரிதும் துன்புற்றனர். வெள்ளத்தை வாங்கித் தேக்கிவைக்கும் சேற்றுநிலமும், அலையின் வேகத்தைத் தணிக்கும் அலையாத்தியும் குறைந்திருந்தமை துன்பத்தை மிகுவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அலையாத்தி மரங்களை அழிப்பதற்குத் தடை விதித்தது. 2018 இல் அதனை மேலும் உறுதிப்படுத்தியது. நிவ்டி மீன் வாழும் சேறும், தாராவித் தொழிலாளி உறங்கும் குடிசையும் ஒரே வெள்ளத்தின் இரு கரைகள். ஒன்றைக் காப்பது மற்றொன்றையும் காப்பதாகும்.

நாம் செய்யக்கூடியவை பெரியவையல்ல. கோடையில் மாடத்திலும் வாயிலிலும் அகன்ற மட்பாத்திரத்தில் நீர் வைக்கலாம். மரத்தடியைச் சிமெண்டால் மூடாமல் சிறிது மண்ணை விட்டுவைக்கலாம். வௌவால் தொங்கும் மரத்தை அபசகுனம் என்று வெட்டாதிருக்கலாம். குட்டையும் கழிமுகமும் பாழ்நிலம் என்ற எண்ணத்தை நம் பிள்ளைகளின் உள்ளத்திலிருந்து அகற்றலாம். அடுத்த முறை இரயிலில் மாஹிமைக் கடக்கும்போது, பாலத்தின் கீழே அலை வற்றிய சேற்றைச் சற்று உற்று நோக்குங்கள். அங்கே ஒன்று தத்துமாயின், அது வெயிலோடு கணக்குப் பார்த்து வாழும் நம் அண்டை வீட்டார் என்பதை அறிவீர்கள்.